கடைமடையில் ஒரு களை உவமை

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் களை உவமை நெல் நடுகிறவர்களின் காதில் லேசில் ஏறாது. ஒருவர் தன் வயலில் நல்ல கோதுமை விதைக்கிறார். ஆட்கள் தூங்கும் நேரத்தில் பகைவன் வந்து அதற்குள் களையை விதைத்துவிட்டுப் போகிறான். கதிர் வாங்கும்போதுதான் களை கண்ணுக்குத் தெரிகிறது. போய்ப் பறித்துவிடட்டுமா என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். வேண்டாம், அதைப் பிடுங்கினால் கூடவே கோதுமையும் வந்துவிடும், அறுவடை வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலத்துக்காரர்.

எங்கள் பங்குக் கோயிலில் இந்த வாசகம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் வரும். மேட்டூர்த் தண்ணீர் காலத்தில் வந்திருந்தால் அந்த மாதம் குறுவைக்குக் களை எடுத்துக்கொண்டிருப்போம். பூசைக்கு வந்திருக்கும் பெண்களில் பலர் நகக்கண்ணில் சேறு போகாத கையோடு உட்கார்ந்திருப்பார்கள். களையைப் பறிக்காதே என்று பீடத்திலிருந்து கேட்கிறார்கள். விடிந்தால் அவர்களுக்குக் களை பறிப்பதுதான் பிழைப்பு. நான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடை ஊர் ஒன்றில் ஒரு வேலிக்கும் குறைவான நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள். இந்த உவமையை அவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “அந்த ஆளுக்கு விவசாயம் தெரியாதா டீச்சர்?”

பிள்ளைகள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் குனிந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தீமையைக் கண்டால் பிடுங்குவதா, பொறுத்திருப்பதா என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் தேடி நான் புத்தகத்துக்கும் போயிருக்கிறேன், வயலுக்கும் போயிருக்கிறேன்.

நம் மொழியின் பெரிய அறநூல் இந்த உவமைக்கு நேர் எதிரே நிற்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், 550ஆவது குறளில், கொலைக்கு அஞ்சாத கொடியவர்களை அரசன் தண்டிப்பதைப் பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பாக வைக்கிறார் வள்ளுவர். பயிர் பிழைக்க வேண்டுமானால் களை போகத்தான் வேண்டும் என்பது அவருக்குச் சந்தேகமில்லாத விஷயம். எனக்கும் கொலைகாரனைத் தெருவில் விட்டுவைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஆனால் வள்ளுவர் களை என்று சொன்னது கொலைக்கு அஞ்சாதவர்களை மட்டும்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிடிக்காதவன், வேறு சாமி கும்பிடுகிறவன், கூலி கூட்டிக் கேட்கிறவன் எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

திருச்சபைக்குள்ளும் இந்த உவமை அமைதியாகக் கிடந்ததில்லை. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் கிறிசோஸ்தோம் இதை விளக்கும்போது, பிழையான போதனை செய்கிறவர்களைத் தடுக்கலாம், அவர்கள் கூட்டங்களைக் கலைக்கலாம், கொல்ல மட்டும் கூடாது என்றார். இன்றைக்குக் களையாக இருப்பவர் நாளைக்குக் கோதுமை ஆகலாம் என்று மக்களுக்குச் சொன்னவர் அகுஸ்தீனார். அவரே பிற்பாடு, வட ஆப்பிரிக்காவில் பிரிந்து போன தொனாத்துப் பிரிவினரை அரசின் கையைக் கொண்டு அடக்கித் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஆதரவாக எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து ஆயர் வாசோ, திரிபுக் கொள்கைக்காரர்களைக் கொல்லக் கூடாது என்பதற்கு இந்த உவமையைத்தான் சாட்சியாக வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், நல்ல பயிருக்குச் சேதம் வராது என்ற உறுதி இருந்தால் களையைப் பறிக்கத் தடை இல்லை என்று ஒரு வழியைத் திறந்துவிட்டார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்த உறுதி யாருக்கு இருக்கும்? அந்தக் கேள்விக்கு வயலில்தான் நல்ல விடை கிடைக்கும்.

உவமையில் வரும் களை பாலஸ்தீனக் கோதுமை வயல்களில் முளைக்கும் ஒரு நச்சுப்புல் என்று விளக்கம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். கதிர் வரும்வரை அதையும் கோதுமையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். எங்களுக்கு அதே வேலையைச் செய்வது குதிரைவாலிப் புல். நட்டு இருபது நாள் ஆன வயலில் அதையும் நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படித்தவர்கள் திணறிப்போவார்கள். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு இருக்கும், இரண்டு பக்கமும் பொடி மயிரோடு காது மாதிரி ஒன்று இருக்கும். புல்லுக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும். எங்கள் ஊரில் களைக்கு வரும் ஒரு பெரியம்மா விரித்தெல்லாம் பார்ப்பதில்லை. தூரில் கை வைத்ததுமே தெரிந்துவிடும் அவருக்கு. அவரும் ஒரு நாளில் சில நெல் தூரைச் சேர்த்தே பிடுங்கியிருப்பார். பிடுங்கியதைத் திரும்பச் சேற்றில் ஊன்றிவிட்டு நகர்வார்.

இந்த உருவ ஒற்றுமை தற்செயலாக வந்தது இல்லை என்று எழுதியவர் சோவியத் நாட்டுத் தாவர அறிஞர் நிக்கோலாய் வவிலோவ். களை எடுக்கிறவர்களின் கண்ணுக்கு எது வித்தியாசமாகத் தெரிகிறதோ அது போய்விடும். பயிரைப் போலவே இருப்பது தப்பித்து விதை உதிர்க்கும். அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள் முளைக்கும். இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் போனால் களை எடுக்கும் கையே களைக்குப் பயிரின் சாயலைக் கொடுத்துவிடுகிறது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் குதிரைவாலிப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அது நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கத் தொடங்கிச் சுமார் 1000 ஆண்டு ஆகியிருக்கும் என்று 2019இல் எழுதினார்கள். கம்பு கேழ்வரகு போல ஐரோப்பாவில் ஏழைகளின் தானியமாக இருந்த ரை, முதலில் கோதுமை வயலில் களையாக நுழைந்ததுதான் என்று சொன்னவரும் வவிலோவே. குளிர் மிகுந்த இடங்களில் கோதுமை தோற்றபோது அந்தக் களை சோறு போட்டது. வவிலோவை 1940இல் ஸ்டாலின் அரசு கைது செய்தது. 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகத்தின் பசி தீர விதை சேகரித்த மனிதரை, தங்கள் தோட்டத்துக் களை என்று நினைத்து ஓர் அரசு பிடுங்கிப் போட்டது. அந்த அரசும் உறுதியாகத்தான் இருந்தது.

இவ்வளவு தூரம் ரஷ்யாவுக்குப் போக வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் மிகுதி. நாங்கள் கிறிஸ்து பிறப்புக்கு மணி அடிக்கும் இரவு அது. நடவு நட்டுக் களை எடுத்துக் கதிர் அறுத்துக் கொடுத்தவர்களையே களையாகப் பார்த்த கண்கள் இருந்தன. அந்தத் தேதி வரும்போதெல்லாம் நான் நிலத்துக்காரர் சொன்ன பதிலை நினைத்துக்கொள்வேன். மனிதர்கள் விஷயத்தில் அறுவடை உன் வேலை இல்லை, கையை எடு என்று அவர் சொன்னது, தீமையின் மேல் வைத்த இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கையின் மேல் அவருக்கு இருந்த பயம் என்றே தோன்றுகிறது.

ஆனால் இதோடு நின்றுவிட்டால் வயலுக்குப் பதில் கிடைக்கவில்லை. பிடுங்காமல் விட்டால் குறுவை போய்விடும். களையோடு சரிபாதி வெளிச்சத்தையும் எருவையும் பங்கிட்டுக்கொண்டு எந்த நெல்லும் தேறியதில்லை.

உவமையை இன்னும் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். வேலையாட்கள் கேட்டது கதிர் வந்த பிறகு. அந்தப் பருவத்தில் எங்கள் ஊரிலும் யாரும் வயலுக்குள் இறங்க மாட்டார்கள். நட்ட முதல் முப்பது, நாற்பது நாள்தான் பயிருக்கும் களைக்கும் போட்டி. அதற்குள் இரண்டு களை எடுத்துவிட வேண்டும். பொதி கட்டிய பயிருக்குள் இறங்கினால் மிதித்துக் கெடுப்பதுதான் மிச்சம். நிலத்துக்காரருக்கு விவசாயம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. காலம் கடந்து கேட்டவர்களுக்கு அந்தக் காலத்துக்கு உரிய பதிலைச் சொல்லியிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பகைவன் வந்து விதைத்தான் என்கிற இடம்தான் எனக்கு நெருடல். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சைவத் திருமுறை ஓதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் அப்பாவின் கூட்டாளி. அவரிடம் இந்த உவமையை ஒருமுறை சொன்னேன். “அப்படியில்லம்மா, எங்க சித்தாந்தத்துல நெல்லு இருக்கிறப்பவே உமியும் இருக்கு. வெளியில இருந்து ஒருத்தன் வந்து போட வேண்டியதில்ல” என்றார். ஆணவ மலம் உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது என்பதற்கு நெல்லையும் உமியையும் காட்டுவது சைவ சித்தாந்தத்தின் வழக்கம். வயல் அவர் பக்கம்தான் சாய்கிறது. களை விதையை ஒருவரும் இரவில் வந்து தூவுவதில்லை. அது மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். வாய்க்கால் தண்ணீரில் மிதந்து வரும். மாட்டுச் சாணத்தில் வரும். நாம் காசு கொடுத்து வாங்கிய விதைநெல்லிலேயே கலந்து வரும். எங்கேயோ ஒரு பகைவன் இருக்கிறான் என்று நம்புவது மனதுக்குச் சுலபம். அந்த நம்பிக்கையோடு கிளம்பியவர்கள்தான் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

விதை எப்போதும் மண்ணில் இருக்கிறது என்றால், அது எப்போது எழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அங்கேதான் தண்ணீர் வருகிறது.

நெல் வயலில் தண்ணீர் நிறுத்துவது நெல்லுக்குத் தாகம் அதிகம் என்பதற்காக மட்டும் இல்லை. சேற்றின் மேல் நாலு விரல் தண்ணீர் நின்றால் பெரும்பாலான களை விதைகளுக்குக் காற்று கிடைக்காது. உயிரோடு இருக்கும், எழாது. நெல்லின் தண்டுக்குள் காற்றை வேர்வரை இறக்கும் வழி இருப்பதால் அது மூச்சு முட்டாமல் நிற்கும். குதிரைவாலி கொஞ்சம் முரட்டுப் பிறவி, தண்ணீருக்குள்ளேயும் முளை விடும். ஆனால் ஆழம் குறையாமல் இருந்தால் அதுவும் இளைத்துப்போகும். நம் முன்னோர் நாற்றங்காலில் நாற்றை வளர்த்து, சேறடித்து, பரம்படித்து, அதன் பிறகு பிடுங்கி நட்டதற்குள்ளும் இதே கணக்கு இருக்கிறது. இருபத்தைந்து நாள் வயதுள்ள பயிரை, இன்னும் முளைக்காத களைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பயிர் ஓட ஆரம்பித்து வெகுதூரம் போன பிறகுதான் களை கண் விழிக்கும். பிடுங்குவதா விடுவதா என்ற கேள்வியே பாதிக்கு மேல் எழாதபடி செய்துவிட்டார்கள். வானம் பார்த்துக் கோதுமை தூவிய நாட்டு உவமையில் இந்த வழி இல்லை. அந்த நிலத்தில் அதற்கு இடமும் இல்லை.

அப்படியும் களை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தால் வயல் தன் குறையைத் தானே காட்டும். பரம்பு சரியாக ஓடாமல் மேடு தட்டிய இடத்தில் வட்டக்கோரை அடர்ந்திருக்கும். வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்கு இறங்கி, அந்த மூலை முழுக்கப் புல் எழும்பியிருக்கும். ஆட்கள் தூங்கும் நேரத்தில் என்று உவமை சொல்வது எனக்கு இந்த இடத்தில்தான் அர்த்தமாகிறது. இரவில் தண்ணீர் கட்டுகிறவர் கண் அயர்ந்த இடங்களில்தான் களை இருக்கிறது. எங்கள் அப்பா களையைப் பார்த்ததும் குனிய மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றுவார். வளையை மிதித்து அடைத்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டுத்தான் களைக்கு ஆள் சொல்வார்.

தண்ணீரைத் தேக்காமலே நட்ட நெல்லை விளைவிக்க ஒரு முறையைக் கண்டவர் ஒரு துறவி என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1961இல் மடகாஸ்கருக்குப் போனார். அங்குள்ள ஏழை உழவர்களோடு வேலை செய்து, 1980களின் தொடக்கத்தில், இளம் நாற்றைத் தனித்தனியாக அகல நட்டு, மண்ணைக் காயவும் நனையவும் விடும் முறையை உருவாக்கினார். நம் ஊரில் அதை ஒற்றை நாற்று நடவு என்கிறோம். தமிழ்நாட்டு அரசு அதற்கு இராஜராஜன் 1000 என்று பெயர் வைத்துப் பரப்பியது. தண்ணீர் நிற்காத வயலில் களை எழும்புவது நிச்சயம். அவர் அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை, விட்டுவைக்கவும் சொல்லவில்லை. உருளைக் களைக்கருவியைப் பத்து நாளுக்கு ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, களையை அந்தச் சேற்றுக்குள்ளேயே அமுக்கச் சொன்னார். களை மக்கி எருவாகும், வேருக்குக் காற்றும் போகும். களை உவமையை ஆயிரம் முறையாவது வாசித்திருக்கக்கூடிய ஒரு குருவின் கையிலிருந்து இப்படி ஒரு முறை வந்ததைப் பற்றி எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. கேட்க ஆசை.

ஆனால் அந்த முறைக்கு, வேண்டும்போது தண்ணீர் விடவும் வேண்டாதபோது வடிக்கவும் முடிய வேண்டும். கடைமடையில் இரண்டும் நம் கையில் இல்லை. செப்டம்பரில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நவம்பரில் வடிய வழியில்லாமல் இடுப்பளவு நிற்கும். மேலே தஞ்சாவூர்ப் பக்கம் ஆழ்குழாய் போட்டு ஆற்றுத் தண்ணீருக்காகக் காத்திருக்காமல் நடுகிறார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஆற்றை விட்டால் எங்களுக்கு ஆதாரம் இல்லை. மேட்டூர் அணை 1934இலிருந்து இருக்கிறது. ஜூன் 12 திறப்பு நாள் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட அந்த நாளில் திறக்கவில்லை. 2023இல் சரியாக ஜூன் 12 திறந்தார்கள். ஜூலையில் கோயிலில் களை உவமை வாசித்தபோது வயலில் பயிர் இருந்தது. பிறகு தண்ணீர் வரத்துச் சுருங்கி, கடைமடைக் குறுவை பல இடங்களில் கருகியது. ஜனவரி வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபரிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

தண்ணீரை நம்ப முடியாமல் போனதால்தான் எங்கள் பகுதி நடவை விட்டு நேரடி விதைப்புக்கு நகர்ந்தது. சம்பாவுக்குக் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். முதல் மழையில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. ஒரே வயது, ஒரே உயரம். வரிசை இல்லாததால் களை எடுக்கிறவளுக்குக் கால் வைக்க இடம் இல்லை. நற்செய்தியில் இருக்கும் வயல் அப்படியே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

அந்த இடத்தில்தான் களைக்கொல்லி நுழைந்தது. விதைத்த சில நாளில் பிரெட்டிலாகுளோர், களை இரண்டு மூன்று இலை விட்டதும் பிஸ்பைரிபேக் சோடியம். அடிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. எனக்கு வலிக்கிற இடம் வேறு. களை எடுக்கும் பெண்கள் மதியம் வரப்பேறும்போது மடியில் ஆரைக்கீரை இருக்கும், பொன்னாங்கண்ணி இருக்கும், கரிசலாங்கண்ணி இருக்கும். என் வயலுக்கு ஆகாதது அவர்கள் வீட்டு உலைக்கு ஆனது. கணவனை இழந்த ஒரு தங்கச்சி ஐப்பசி முழுக்க அந்தக் கீரையில்தான் பிள்ளைகளை வளர்த்தாள். எது களை என்பதை வயலுக்குச் சொந்தக்காரர் மட்டும் முடிவு செய்தால் அவள் பங்கு கணக்கில் வராது. மருந்து அடித்த வயலில் கீரை பறிக்க இப்போது அவள் வருவதில்லை. நானும் வரச் சொல்வதில்லை.

இப்போது எங்கள் ஊரில் நடந்துகொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதத் தூண்டியது அதுதான். போன குறுவையில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். முறை இல்லாத இரவில் ஒருவர் மடையைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டார். வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கும் லஸ்கர் பார்த்துவிட்டார். மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். அவருடைய முறையை அந்தப் போகம் முழுக்க வெட்ட வேண்டும் என்று தலைமடைக்காரர்கள் பேசினார்கள். ஒருவர் எழுந்து, “இந்த மாதிரி களைய இப்பவே புடுங்கலன்னா நாளைக்கு எல்லாரும் திருடுவாங்க” என்றார். சொன்னவர் நல்ல மனிதர். பங்குப் பேரவையில் இருப்பவர். களை உவமையைப் பலமுறை கேட்டவர்.

நான் அவரிடம் கேட்டேன், “தம்பி, அவர் வயலப் போய்ப் பாத்தியா?” எங்கள் வாய்க்காலில் அவருடைய வயல்தான் கடைசி. அதில் நெல்லைவிடக் குதிரைவாலிதான் அதிகம் நின்றது. முறை வந்த நாளிலும் அவர் மடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் முறை முடிந்துவிடும். வயல் காய்ந்தது, களை எழுந்தது, களை எழுந்த வயலைக் காப்பாற்ற அவர் இரவில் மடையைத் திறந்தார். திருடியது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் அந்தத் தவறு முளைத்த மேடு யார் போட்டது என்பதையும் அந்தக் கூட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் தலைமடை வயல்கள் களையில்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தன. அவர்கள் உழைப்பு அதில் உண்டு. ஆனால் எந்நேரமும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அவர்கள் தேக்கி வைத்திருந்த தண்ணீரும்தான் அந்தக் களையை அடக்கியது. தேவைக்கு மேல் அங்கே நின்ற தண்ணீர்தான் எங்களுக்கு வந்து சேராத தண்ணீர். அவர்கள் வயலின் சுத்தமும் கடைசி வயலின் களையும் ஒரே வாய்க்காலில்தான் தொடங்குகின்றன. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் கட்டினால் போதும், விளைச்சல் குறையாது. தண்ணீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். இதை நான் கூட்டத்தில் சொன்னதும் வந்த முதல் எதிர்ப்பு, “காய விட்டா எங்க வயல்ல களை மண்டுமே, அத யார் எடுக்கிறது?” என்பதுதான்.

அது நேர்மையான எதிர்ப்பு. அண்டை வீட்டாருக்குத் தண்ணீர் விடுவது என்றால் தன் வயலில் கொஞ்சம் களைக்கு இடம் கொடுப்பது என்று பொருள். மறையுரைகளில் பகிர்வைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். தன் வயல் சற்று அழுக்காகத் தெரிய ஒருவர் சம்மதிக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. களை ஒன்றும் இல்லாத வயல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற வயல்காரருக்கும், தன்னைச் சுற்றிப் பாவி ஒருவனும் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற பக்தருக்கும் இந்த உவமை ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வளரட்டும் என்று நிலத்துக்காரர் சொன்னது சோம்பலில் சொன்னதாக இருக்க முடியாது. நல்ல பயிர் வெகு தூரத்தில், இன்னொருவர் வயலிலும் நிற்கிறது என்பதைக் கண்டவர் சொன்னதாக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் அன்று கடைசி வயல்காரரின் முறையை வெட்டவில்லை. இந்தக் குறுவைக்கு, நட்ட முதல் முப்பது நாளில் முறையைக் கடைசி மடையிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோவது என்று ஒருவழியாக முடிவானது. மடையைத் திறந்தவர் வாய்க்கால் தூர்வார ஆளாக வந்து நிற்க ஒப்புக்கொண்டார். தலைமடையில் மூன்று வீட்டார் குழாய் புதைத்துக் காயப்போட்டுப் பாய்ச்சச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த வயல்களில் கூடுதலாக ஒரு களை எடுக்க வேண்டிவரும் என்பது உறுதி. அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை. தண்ணீரைப் பெற்றுக்கொள்கிற நாங்கள் பாதி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைமடையிலேயே சிலருக்கு அதில் கோபம். நம் உரிமைத் தண்ணீருக்கு நாமே காசு கொடுப்பதா என்கிறார்கள். பங்குப் பேரவைத் தம்பி, களை எடுக்கும் பெண்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசலாம் என்கிறார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உட்காருகிறோம்.